கதவில் ஒட்டப்பட்டது

3, திங்கள்

காலையிலிருந்தே தூறல். நகராட்சி ஆபீஸில் எங்கள் சட்டப் பிரிவு அறையில் மட்டும் ஒழுகல். ஃபைல்களுக்கு பிளாஸ்டிக் கவர் போட்டாயிற்று.

பதினொரு மணிக்கு நூர்ஜஹான் என்ற அம்மா. கால்வாய் ஓரம் தையல் கடை, கம்பெனி யூனிஃபார்ம் தைக்கிறார். கடையை அகற்றும் ஆர்டர் கையில்.

"ஏழு நாள்ல பதில் குடுக்கலைன்னு போட்டிருக்கு. நோட்டீஸே வர்லயே சார்?"

"வந்தோம்மா. ஆள் இல்ல. கதவுல ஒட்டினோம்."

"நம்ம கடைக்கு ஏது சார் கதவு? தார்பாய்தான."

நான் ஃபைலைப் புரட்டினேன். அவரே தொடர்ந்தார்: "அதுல ஒட்டியிருப்பீங்க, காத்துல பறந்திருக்கும். என் தப்புதான் சார்."

ச்சே.

போன மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மழை, சோம்பல். ஐந்து நோட்டீஸ், சீட்டில் உட்கார்ந்தபடியே ஐந்திலும் ஒரே வரி: 'ஆள் இல்லாததால் கதவில் ஒட்டப்பட்டது.' ஐந்தும் இன்னும் என் டிராயரில்.

4, செவ்வாய்

வெயில். சூப்பிரண்டிடம் பாதி சொன்னேன். "சார், அந்தக் கடைக்குக் கதவே இல்லையாம்."

"ஃபைல்ல இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப இருக்கு. போய் வேலையப் பாருய்யா."

மீதிப் பாதியைச் சொன்னால் மெமோ. பயம்தான், வேறொன்றுமில்லை.

மாலை, ஆர்டரை நிறைவேற்றலாமா என்பதற்குச் சட்டப் பிரிவின் கருத்து போயிற்று, என் கையெழுத்தில்: 'நோட்டீஸ் முறைப்படி சேர்ந்துள்ளது. கடையை அகற்றத் தடையில்லை.'

வாங்க: பால், பி.பி. மாத்திரை, டிராயருக்குப் பூட்டு.

5, புதன்

கிருஷ்ணகிரி கோர்ட். வாய்தா. வரும்போது மாம்பழம். வீட்டில் எல்லோரும் இனிப்பு என்றார்கள். எனக்கு இறங்கவில்லை.

6, வியாழன்

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் கடைக்கே போனேன். தார்பாயைக் காணோம். மரக்கதவு! பழைய சாமான் கடையில் வாங்கினாராம். பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்! இன்னொரு நோட்டீஸ் குடுங்க. இதுல ஒட்டுனா பறக்காது. அன்னைக்கே பதில் எழுதிர்றேன்."

டீ வரவழைத்தார். குடித்தேன். கிளம்பி வந்துவிட்டேன். நானெல்லாம் ஒரு மனுஷன்.

7, வெள்ளி

மேகமூட்டம். எட்டரைக்கு ஜேசிபி. சாமான் பட்டியல் எழுத சட்டப் பிரிவு ஆள் வேண்டுமாம். நான்தான்.

அந்த அம்மா அழவில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்: "கதவு வச்சிட்டேனே சார்?"

கைப்பற்றியவை:
தையல் மெஷின் – 2
ஸ்டூல் – 1
யூனிஃபார்ம் பேன்ட் – 14
கதவு – 1