வண்டி மாத்திரை

அண்ணா,

இன்று காலை எங்கள் ஆஸ்பத்திரி மருந்தக ஜன்னலில் ஒரு லாரி டிரைவர் துணிப்பையைக் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகளோடு டீசல் வாசமும் வந்தது. நாளை அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். சர்க்கரைக்கு, பிரஷருக்கு என்று ஒவ்வொன்றாக எழுதி வந்தவள் 'வேறு மருந்து' என்ற கடைசி வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் கண்மூடி ஒரு வருஷமாகியும் எனக்கு இந்தப் பயம் போகவில்லை.

நீங்களும் லாரி டிரைவர், உங்களுக்கும் இதே ஆபரேஷன்தானே. பக்கத்து வீட்டு அண்ணன் என்று மருந்துப் பட்டியலை நானே எழுதினேன். "வீட்டுல இருக்கற மாத்திரையெல்லாம் கொண்டாங்கண்ணா" என்றேன். உங்கள் வீட்டுக்கார அக்கா ஒன்று விடாமல் எடுத்து வந்தார். 'வேறு மருந்து எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன தைரியம் எனக்கு!

மறுநாள் ஆபரேஷனுக்குப் போகுமுன் ஜன்னலுக்கு வந்து பீற்றிக்கொண்டீர்கள். "பச்சத்தண்ணி குடிக்கல அம்மிணி. வண்டி மாத்திரைய மட்டும் வெறும்வாயில முழுங்கிட்டேன்."

நாக்பூரில் நெஞ்சுவலி வந்து படுத்ததை அப்போதுதான் சொன்னீர்கள். இரத்தம் உறையாமலிருக்க அங்கே எழுதித் தந்த மாத்திரை, இரண்டு வருஷமாக லாரியிலேயே ஒரு தகர டப்பாவில் இருந்திருக்கிறது.

"உங்கக்காளுக்குத் தெரிஞ்சா வண்டிய வித்துப்போடுவா. நீ ஊட்டு மாத்திரையத்தான கேட்ட?"

டாக்டரிடம் நான் ஓடிய ஓட்டம்! என் கையெழுத்தை நம்பி டாக்டர் கத்தி வைத்திருந்தால் இரத்தம் நிற்காமல் போயிருக்கும். ஆபரேஷன் தள்ளிப்போனது. இதய டாக்டரைக் கேட்டு, அந்த மாத்திரையை எப்போது நிறுத்துவதென்று முடிவான பிறகுதான் நடந்தது. அக்காவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் நீங்கள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபித்துக்கொண்டாலும் ஆள் நடமாடுகிறாரே என்று இருந்தேன்.

நீங்கள் போன பிறகு அக்கா அந்த டப்பாவை என்னிடம் தந்தார். அதில்தான் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

"வேற மாத்திரை ஏதாவதுங்களா?" என்று இந்த டிரைவரைக் கேட்டேன். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானுங்க" என்றார். அந்த அம்மாவைச் சீட்டு வாங்கி வர அனுப்பினேன். பேனாக்களைக் கொட்டிவிட்டு உங்கள் டப்பாவை அவர் முன்னால் வைத்தேன்.

"வண்டியில என்னங்க வெச்சிருக்கீங்க?"

அவர் டப்பாவையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பைபாஸ்ல நிக்குதுங்க. போயிட்டு வாரேன். அவகிட்டச் சொல்லீராதீங்க" என்றார்.

அவர் வரும்வரை இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் நான் கையெழுத்துப் போடவில்லை, அண்ணா.