படகை நிறுத்தும் அதிகாரம்

மார்கழி 28, திங்கள்

காலையில் பனி. எதிர்க்கரை தெரியவில்லை. எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றியாயிற்று. எஞ்சின் என்று எழுதத்தான் சிரமம். முதியோர் வகுப்பு டீச்சர் தினம் எழுதச் சொல்லியிருக்கிறார். இது முழுக்க என் கையெழுத்து.

சனிக்கிழமை காணும் பொங்கல். அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றிப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். அந்த ஒரு நாள் ஓட்டம் போனால் வருசமே இழுபறி.

மத்தியானம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். கரையில் வண்டி நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். படகைச் சோதிக்க வேண்டும், அதுவரை ஓட்டாதே என்றார். போன வருசமும் இதே பேச்சு. அப்போது கும்பிட்டு நிறுத்திவிட்டேன். இன்று ஆர்டரைக் கேட்டேன். காட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கார், வேன், பைக்.

"இதுல படகு எங்கிட்டு இருக்கு, காட்டுங்க."

வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார். சந்தோஷம். ரெண்டு டீ குடித்தேன்.

மார்கழி 29, செவ்வாய்

நல்ல வெயில். நேற்று எழுதியதில் விரல் வலி. மச்சினன் மாரிமுத்து (படகில் எஞ்சின் அவன் பொறுப்பு) கடைத்தெரு பூராவும் சொல்லிவிட்டான். மச்சானிடம் பேப்பர் காட்டாமல் இனிக் காக்காகூடப் படகில் உட்கார முடியாதாம். மீன்கடையில் ஒரே சிரிப்பு. எனக்கும்தான்.

போகி, புதன்

ஊரெல்லாம் புகை. ஜீப்பில் ஒரு அம்மா வந்தார். படகுகளைச் சோதிக்கும் அதிகாரி என்றார். ஆர்டரைக் கேட்டேன். கொடுத்தார். நான் படித்து முடிக்கும்வரை வெயிலில் நின்றார், அவசரப்படுத்தவில்லை. சிறு உல்லாசப் படகுகளை நிறுத்தலாம். ஏறிச் சோதிக்கலாம். குறை இருந்தால் ஓடாமல் தடுக்கலாம். கீழே முத்திரை. அவர் கழுத்து அட்டையிலும் அதே பெயர். கை கொடுத்து ஏற்றிவிட்டேன்.

அடிப்பலகை சரி. எஞ்சின் சரி. தீயணைக்கும் சிலிண்டர் சரி. லைஃப் ஜாக்கெட் (இனி லை.ஜா.) எங்கே என்றார். பெருமையாக எடுத்து வைத்தேன். எல்லாம் புதுசு. பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் அப்படியே. அழுக்காகக் கூடாது என்று என் சம்சாரம் சரசு நைலான் கயிற்றால் ஒரே கட்டாகக் கட்டியிருந்தாள்.

ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னார். முடிச்சு அவிழவில்லை. மாரிமுத்து பல்லால் கடித்தான். அப்புறம் கத்தியைத் தேடினோம்.

"ஐயா, இந்நேரம் ஆள் முங்கியிருப்பாரு" என்றார் அந்த அம்மா.

படகு நிறுத்தம். வாய் திறக்க வழியில்லை, ஆர்டரைப் படித்தவன் நான். சனிக்கிழமை போச்சா என்றேன். உறையெல்லாம் பிரித்து வைத்தால் சாயங்காலம் திரும்பும்போது பார்க்கிறேன் என்றார். போட மாட்டேன் என்கிறவர்களை யார் தடுப்பது என்று கேட்டேன்.

"கரையில நான். ஏறுன பொறவு நீங்கதான். போடலைன்னா எறக்கி விடுங்க, யாரா இருந்தாலும்."

சாயங்காலம் மாரிமுத்து லை.ஜா. போட்டுத் தண்ணீரில் குதித்தான். மிதந்தான். அனுமதிச் சீட்டு கையில்.

தை 1, வியாழன்

பொங்கல் நல்லபடி பொங்கியது. பலகை எழுதினேன்: லை.ஜா. போடாதவர் இறங்கவும். லை.ஜா. என்றால் எவனுக்கு விளங்கும் என்றான் மாரிமுத்து. அழித்து முழுசாக எழுதினேன். கோணல்தான். பரவாயில்லை. புதுச் சாமானை இப்படிப் பிரித்துப் போட்டேன் என்று சரசுக்குக் கோபம்.

தை 3, சனி, காணும் பொங்கல்

காற்று இல்லை. கூட்டம். முதல் சுற்றில் சரசுவும் ஏறினாள். பட்டுச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். எல்லாரும் லை.ஜா. போட்டாயிற்று. அவளுடையது மடியில். சேலை கசங்குமாம். இறங்கச் சொன்னேன்.

"என்னைய எறக்கி விட ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

பலகையைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சத்தமாகப் படித்தேன், ஒரு எழுத்து விடாமல். காலேஜ் பிள்ளைகள் கைதட்டினார்கள். சரசு தட்டவில்லை. இறங்கவும் இல்லை. எஞ்சினை அணைக்கச் சொன்னேன். கரையில் வரிசை நீண்டுகொண்டே போகிறது. மாரிமுத்து தலையில் அடித்துக்கொண்டான். நான் அசையவில்லை.

கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் லை.ஜா.வை நீட்டினாள்.

"கட்டி விடுங்க. அவுக்க முடியாத முடிச்சாப் போட்றாதீங்க."