தொழுகைக்கு முன் அறுத்த கிடா

மே 14, புதன்

பால்காரருக்கு இன்றும் தாமதம். காரணம் கேட்டால் சைக்கிளைச் சொல்கிறார். சைக்கிளா எழுந்திருக்க வேண்டும்?

ராத்திரிச் சாப்பாட்டில் மகன் பேச்செடுத்தான். "உம்மா, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஆபீஸ்ல ஏழு பேரு சேர்ந்து ஒரு மாடு அறுத்துக் குர்பானி குடுக்கிறோம். ஒரு பங்கு உங்க பேர்ல போட்டுடறேன். நீங்க ஒண்ணும் அலைய வேணாம்."

வேண்டாம் என்றேன். எனக்கென்று தனியாக ஒரு கிடா, இந்த வீட்டுக் கொல்லையில், என் கண்முன்னால்.

"வாப்பா இருந்தப்ப சரி மாமி. இப்ப யாரு ஓடுறது?" என்றாள் மருமகள்.

வாப்பா இருந்தப்ப. என் கணவர் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த வீட்டில் எந்த வாக்கியமும் இப்போது அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

ஏழு பேர் பங்கு சேர்வது மார்க்கத்தில் கூடும். எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் ஏழில் ஒன்றா?

மே 18, ஞாயிறு

நாளை துல்ஹஜ் முதல் பிறை. அந்தி மஃரிபுக்கு முன்பே நகம் வெட்டிக்கொண்டேன். குர்பானி கொடுப்பவர் பிறை தென்பட்டதிலிருந்து அறுக்கும்வரை முடியையும் நகத்தையும் தொடாமல் இருப்பது நல்லது. இத்தனை வருடமும் அவர் அப்படி இருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய சொத்தில் பாகம் கைக்கு வந்ததால் இந்த வருடம் முதல் என் மேலும் கடமை. என் பெயரில் என் முதல் குர்பானி.

எழுபத்திரண்டு வயதில் முதல் முறையாக ஒன்று. சிரிப்பு வருகிறது. சிரிப்பு மட்டும்தானா?

உள்ளதை எழுதுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். அவர் போனதிலிருந்து என் துஆ கூரையைத் தாண்டுவதாகத் தெரியவில்லை. கை ஏந்துகிறேன், கை வலிக்கிறது, இறக்கிவிடுகிறேன். இந்த ஒன்றாவது போய்ச் சேர வேண்டும். ஒரு குறையும் சொல்ல முடியாதபடி செய்து அனுப்பினால் அல்லாஹ் எப்படித் திருப்பி அனுப்புவான்?

மே 23, வெள்ளி

கறிக்கடைக்காரன் ஐந்து கிடா கொண்டுவந்து காட்டினான். ஒன்றுக்குக் காது கிழிசல். ஒன்றுக்குக் கண்ணில் பூ. ஒன்றுக்கு வயது பற்றாது, பல்லே சொல்லிற்று. நான்காவது கிடா வாலை ஆட்டாமல் திருடன் மாதிரி நின்றது. ஐந்தாவதை எடுத்தேன். கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை.

"மாப்பிள்ளை பாக்கிற மாதிரி பாக்குறீங்க பெரியம்மா" என்றான்.

"மாப்பிள்ளைக்குப் பல் பார்த்திருந்தால் பாதிக் கல்யாணம் நடந்திருக்காது" என்றேன்.

எட்டு மாதத்தில் நான் சொன்ன முதல் வேடிக்கை. மருமகள்கூட எட்டிப் பார்த்தாள்.

நகம் வளர்ந்து தொந்தரவு. விரல் நுனி என்னுடையதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை தோறும் நகம் பார்க்க சிஸ்டர் அடிக்கோலோடு வருவார், கையைத் திருப்பிக் காட்ட வேண்டும். என் கையில் ஒரு நாளும் அடி விழுந்ததில்லை.

மே 27, செவ்வாய்

கிடா கொல்லையில் நிற்கிறது. தண்ணீர் காட்டினேன். கத்தியை அதன் கண்ணெதிரே தீட்டக்கூடாது என்று கறிக்கடைக்காரனிடம் சொல்லியாயிற்று. நாளை ஏழு மணிக்குப் பெருநாள் தொழுகை. முடிந்ததும் முதல் அறுப்பு நம்முடையதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியாயிற்று. அவர் இருந்தவரை இந்தத் தெருவில் முதலில் கறி போவது இந்த வீட்டிலிருந்துதான்.

எதிர்வீட்டு நாத்தனார் வந்து கிடாவைச் சுற்றி வந்தாள். குறை தேடினாள். கிடைக்கவில்லை. "அண்ணன் வாங்குற மாதிரியே இருக்கு மதினி" என்றாள். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் அவள் வாயிலிருந்து வராது.

மே 28, புதன். பெருநாள்

எழுத வேண்டும். வரிசையாக எழுத வேண்டும்.

விடியலிலிருந்து மழை. கரண்ட் இல்லை. மகன் தொழுகை மைதானத்துக்குக் கிளம்பினான். கறிக்கடைக்காரன் நனைந்துகொண்டு வந்தான். அவன் பக்கத்து ஊர். "பாலத்துல தண்ணி பெரியம்மா, வந்து சேரவே இவ்வளவு நேரமாயிடுச்சு. என் தொழுகையும் போச்சு" என்றான். அப்போது ஏழே முக்கால்.

கொல்லை வாசலில் நின்று கேட்டேன், "இன்னும் என்ன?"

"தொழுகை முடிஞ்சிருக்குமா பெரியம்மா? தெருவுல ஒருத்தரும் திரும்பி வரக் காணோமே."

"ஏழு மணித் தொழுகை. மணி என்ன இப்போ? குத்பாப் பிரசங்கமும் முடிஞ்சிருக்கும்."

"மழையாச்சே. ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு..."

"என் கடிகாரம் நாற்பது வருஷமா ஒரு நிமிஷம் தப்பினதில்லே. அறு."

அறுத்தான். பிஸ்மில்லாஹ், அல்லாஹு அக்பர். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கண்ணை மூடவில்லை. இறைவா, என்னிடமிருந்து இதை ஏற்றுக்கொள் என்றேன். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. கிடா அதிகம் துடிக்கவில்லை. ரத்தம் மழைத்தண்ணீரோடு ஓடி மறைந்தது.

உள்ளே வந்து, ஒளு செய்யக் கைகால் கழுவும் இடத்தில் உட்கார்ந்து பத்து விரலும் நகம் வெட்டிக்கொண்டேன். இலேசாக இருந்தது.

கரண்ட் வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், தொழவைக்கும் ஹஜ்ரத்தின் குரல். மைதானம் சேறாகிவிட்டதால் எல்லாரும் உள்ளே வந்து சேரக் காத்திருந்தோம், இப்போது தொழுகை, வரிசையைச் சரிசெய்யுங்கள் என்றார்.

நகவெட்டி கையிலேயே இருந்தது.

கொல்லையில் கறிக்கடைக்காரனும் கேட்டிருக்கிறான். உரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் சொன்னேனே பெரியம்மா" என்று அவன் சொல்லியிருக்கலாம். மறுபடி உரிக்க ஆரம்பித்தான்.

தொழுகைக்கு முன் அறுத்தது குர்பானி ஆகாது. கறி. ஐந்து வயதில் ஓதப்போன பிள்ளைக்கும் தெரியும். ஊரில் ஒரே ஜமாஅத். வேறு பள்ளியில் தொழுகை முடிந்திருக்கும், அது போதும் என்று சொல்லவும் வழியில்லை.

மே 28, மறுபடியும்

மகன் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"உம்மா, இன்னொரு மத்ஹபுல, அந்தச் சட்டவழியில செல்லுமாம். சூரியன் உதிச்சு, தொழுது குத்பா ஓதுற அளவு நேரம் கழிஞ்சா போதும், இமாம் தொழுதாரா இல்லையாங்கிறது கணக்கில்லையாம். உம்மா மனசு சங்கடப்பட்டா அதை எடுத்துக்கட்டும்னு ஹஜ்ரத்தே சொல்றாரு."

"வாழ்நாள் பூரா ஒரு மத்ஹபு. இன்னைக்கு எனக்குத் தோதுன்னு இன்னொண்ணா? சேலைக்கடையா அது?"

"ஏம்மா இப்படிப் பிடிவாதம்? கறியும் ரத்தமுமா அங்க போய்ச் சேருது? மனசுதானே போகுது?"

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். பிள்ளை நல்ல பிள்ளை.

ஆனால் அதுதானே பயம்? அந்த நேரத்தில் என் மனசில் என்ன இருந்தது? தெருவில் முதல் கறி எந்த வீட்டிலிருந்து போகும் என்பது இருந்தது. அதுவா போய்ச் சேர்ந்திருக்கும்? மனசு போகாமல் கிடா மட்டும் போயிருந்தால்கூட மானத்தோடு இருந்திருப்பேன்.

மே 29, வியாழன்

கறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது. வீடு வீடாகக் கொண்டுபோனேன். மருமகளை அனுப்பினால் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவாள் என்று நானே போனேன். ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன்: இது குர்பானிக் கறி இல்லை, தொழுகைக்கு முன் அறுத்தது, வெறும் கறி.

தையற்காரர் மனைவி பாத்திரத்தை முகர்ந்து பார்த்தாள். "ஏன், கெட்டுப்போச்சா?"

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், "எங்களுக்கு எதுக்குங்க விளக்கம்? கொழுப்பு இருக்கா?" என்றார்.

நாத்தனார் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டு முடித்தாள். பிறகு, "ஒங்களுக்கு எதுலயும் மொத ஆளா வரணும் மதினி. கல்யாண வீட்டுல மொதப் பந்தி, ஆஸ்பத்திரியில மொதச் சீட்டு. இப்ப தொழுகையையே முந்திட்டீங்க" என்று சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாற்பத்தாறு வருடமாக அவளுக்கு என்னிடம் பதில் தீர்ந்ததில்லை. நேற்றுவரை.

படி இறங்கினேன். பின்னாலேயே வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். "வெளையாட்டுக்குச் சொன்னேன், ஒக்காருங்க" என்றாள். அந்தக் குரல் சிரிப்பைவிடக் கொடுமை. உட்காரவில்லை.

வேறு கிடாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மூன்று நாள் அவகாசம் உண்டு. நாளை அஸ்தமனம்வரை.

மே 30, வெள்ளி

சந்தை கலைந்துவிட்டது. மகன் மழையில் மூன்று ஊர் சுற்றினான். திட்டவில்லை, முணுமுணுக்கவில்லை. அதுவும் பாரமாக இருக்கிறது. நாலு மணிக்கு ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தான். இறக்கிவிட்டதும் பார்த்தேன். பின்னங்கால் ஒன்று தரையில் ஊன்றவில்லை.

"வண்டியில மரத்துப்போயிருக்கும் உம்மா."

நடக்கவிட்டேன். மூன்று காலில் நடந்தது. கறிக்கடைக்காரன் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "பழைய முறிவு" என்றான்.

"யாருக்கு உம்மா தெரியப்போகுது?" மகன் கெஞ்சினான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "எனக்காக ஒத்துக்கோங்க. ஒங்க முகத்தப் பாக்க முடியல."

அவனுக்காக ஒத்துக்கொண்டிருக்கலாம். ஊனம் கண்ணுக்குத் தெரிந்த கிடா செல்லாது. திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன்.

மஃரிப் பாங்கு சொன்னார்கள். அவ்வளவுதான்.

தொழுதேன். கை ஏந்தவில்லை. எதைக் கேட்பது?

ஜூன் 1, ஞாயிறு

தவறினால் கிடாவின் விலையை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தாயிற்று. கடமை முடிந்தது என்றார் ஹஜ்ரத். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு முடிந்த மாதிரி இல்லை.

ஜூன் 2, திங்கள்

கடிகாரம் நின்றிருக்கிறது. சாவி கொடுக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

அவர் படுத்திருந்த கட்டிலின் விரிப்பை மருமகள் மாற்றினாள். கோணலாகப் போட்டிருக்கிறாள். படுத்துக்கொண்டே பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

ஜூன் 5, வியாழன்

கறிக்கடைக்காரன் வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அந்தக் கிடாவின் தோலை உப்புத் தடவி முற்றத்தில் விரித்திருந்தேன், அனாதை விடுதிக்காக. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு கேக்கலாமா பெரியம்மா? தப்பா நெனக்கக்கூடாது."

"கேள்."

"குர்பானித் தோல அறுக்கிறவன் கூலியா வாங்கக்கூடாது. ஆனா இது... நீங்களே வீடு வீடாப் போய்ச் சொன்னீங்க, குர்பானி இல்லேன்னு. அப்ப நான் எடுத்துக்கலாந்தானே? அன்னைக்கு நீங்களும் கூலி கொடுக்க மறந்துட்டீங்க, நானும் கேக்கல."

அன்று கூலி கொடுக்கவில்லை. நினைத்துப் பார்த்தேன், உண்மைதான். அவன் கேட்டதும் சட்டப்படி சரி. நானே சொல்லியிருக்கக்கூடிய சட்டம்.

கூலியைக் கொடுத்தேன். தோலையும் எடுத்துக்கொள் என்றேன். நெற்றி வெள்ளை உள்ளே போகும்படி மடித்துக் கட்டினான். அது ஒன்றுதான் வீட்டில் மீதம் இருந்தது.

கேட்டைத் திறந்தவன் நின்றான். "அடுத்த வருஷம் வரட்டுமா, இல்ல வேற ஆளப் பாக்குறீங்களா?"

அடுத்த வருடம் நான் இருப்பேனா என்றே தெரியவில்லை. இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் அவன் பதிலுக்காக நின்றான்.

"வா. எல்லா வீட்டையும் முடிச்சிட்டு வா."

"கடைசியாவா? இருட்டிரும் பெரியம்மா."

"இருட்டட்டும்" என்றேன்.