இரண்டு தம்ளர் டீ

அன்புள்ள என் மனைவிக்கு,

முதலில் இதைப் படித்துவிட்டு மீதிக்கு வா: உன் மகள் நன்றாக இருக்கிறாள். இப்போதுகூட அடுத்த அறையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சத்தம் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் இங்கே எல்லாரும் நலம் என்றேனே, அது பொய். அவள் பக்கத்தில் நின்றதால் சொல்ல முடியவில்லை என்று எழுதலாம். ஆனால் அவள் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது இது உன் கைக்கு வரும். சலவை அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் படி.

நீ கப்பலில் சலவை வேலைக்குப் போன இந்த இரண்டு மாதமும் நான் உன் மகளைக் கண்டு பயந்துகொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்துநாலு வயது, அவளுக்குப் பத்து.

நீ புறப்பட்ட மறுவாரம் ஆரம்பித்தது. மதியம் படுத்திருந்தேன். மூக்கில் ஏதோ குளிர்ந்து கண்ணைத் திறந்தால், உன் கைக்கண்ணாடியை என் மூக்கடியில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என்னம்மா என்றேன். "மூச்சு வருதான்னு பாத்தேன்" என்றாள். வருதா என்று கேட்டேன். கண்ணாடியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே, "இப்போதைக்கு வருது" என்றாள்.

அடுத்து, நான் பல்செட் செய்வதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த தாடை அச்சுகள். ஒருநாள் சாப்பிட வந்தால், பன்னிரண்டு பேருடைய பிளாஸ்டர் தாடைகளும் மேசையில் வரிசையாக, வாயைப் பிளந்துகொண்டு என் நாற்காலியைப் பார்க்கின்றன. தனியாகச் சாப்பிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று நீ சொன்னாயாம், அதனால் துணைக்கு வைத்தாளாம். அன்றைக்குத்தான் நிஜமாகவே இறங்கவில்லை. நான் குளிக்கும்போது மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டுவாள். குரல் கொடுத்தால் பதில் சொல்லாமல் போய்விடுவாள்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஒருநாள் என்னைப் படியில் நிறுத்தி, "உங்க பொண்ணு வந்து, உங்க ஒசரத்துக்கு ஒருத்தரத் தலையிலேருந்து கால்வரைக்கும் மூட எத்தனை மீட்டர் துணி வேணும்னு கேட்டா. வெள்ளைத்துணியா இருந்தா நல்லதாம்" என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மேலே வந்து என் அறைக்குத் தாழ்ப்பாள் வாங்க வேண்டும் என்று குறித்துவைத்தேன்.

அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அடுத்தவர் நோட்டைப் பிரிக்கக்கூடாது என்று அவளுக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். போன வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனபிறகு பிரித்தேன். பக்கத்தின் தலைப்பு 'அவர்'. என்னை அப்படித்தான் எழுதுகிறாள். கீழே தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு எண். முதல் வாரம் முழுக்க 28, 28, 28 என்றே இருந்தது. அந்த வாரத் திங்கட்கிழமையிலிருந்து 27, 26, 25. அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்துதான் எனக்குத் தலைசுற்றலும். வேலைமேசையிலிருந்து எழுந்தால் அறை சாய்ந்தது. மாலை டீயை இப்போது அவள்தான் போடுகிறாள், உனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். எனக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான் என்று முடிவு கட்டினேன்.

இதுவரை எழுதியதைப் படித்து நீ சிரித்திருந்தால் எனக்குச் சந்தோஷம். இனிமேல் சிரிக்க முடியாது.

அன்றைக்குச் சாயங்காலமே, நாலரை மணிக்கு இரண்டு கண்ணாடித் தம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். பிஸ்கட் டப்பாவை எடுத்துவரச் சொல்லி அவளை உள்ளே அனுப்பினேன். அவள் முதுகு மறைந்ததும் தம்ளர்களை மாற்றி வைத்தேன்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து குடித்தாள். அவசரப்படாமல், என் முகத்தைப் பார்த்தபடியே குடித்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது கலந்திருந்தால் குடிக்கமாட்டாள், குடிக்கிறாள், ஆகவே ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்ளர் மாறியது அவளுக்குத் தெரியாது என்றுதானே நினைத்தேன்? பிறகு அவள் எப்படிக் குடிக்காமல் இருப்பாள்? நாலைந்து நாளாக இதற்குப் பதில் தேடுகிறேன். இருக்கிற ஒரே பதிலை எழுதக் கை வரவில்லை. நீயே புரிந்துகொள்வாய்.

ஐந்து மணிவாக்கில் தம்ளர்களைக் கழுவ எடுத்துப்போனவள், தொட்டியடியில் சரிந்தாள். கண்ணாடி உடைந்த சத்தத்தில்தான் ஓடினேன். கை சில்லிட்டிருந்தது. தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, செருப்புக்கூடப் போடாமல் தெருக்கோடி மருத்துவமனைக்கு ஓடினேன்.

அங்கே டாக்டரம்மா, என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். டீ என்றேன். டீயில் என்ன இருந்தது என்றார். விஷம் என்று சொன்னால், தெரிந்தே ஏன் குடிக்கவிட்டாய் என்ற கேள்வி வருமே. இரண்டாம் முறை கேட்டார். தெரியாது என்றேன். குழந்தை மூச்சுக்கு அல்லாடும்போது நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

பதில் சொன்னது அவள்தான். கண்ணைப் பாதி திறந்து என் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரைப் பிழையில்லாமல் சொன்னாள், எத்தனை மில்லிகிராம் என்பதோடு. "ஒண்ணுதான். அவரோடது" என்றாள். ஏன் போட்டுக்கொண்டாய் என்று டாக்டரம்மா அதட்டியதற்கு, "தலைவலி மாத்திரைன்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். காலை உயர்த்திப் படுக்கவைத்து, குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் மதியம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அந்த நோட்டில் இருந்தது என் மாத்திரைகளின் எண்ணிக்கை. சாப்பிட்டீர்களா என்று தினமும் கேட்பாள். ஆச்சு என்பேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். மாத்திரை போடும் வயதா எனக்கு என்ற வீம்பு. டப்பாவில் ஒன்றுகூடக் குறையவில்லை என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து பொடித்து டீயில் கலந்திருக்கிறாள். அவள் அப்பா போனபிறகு அவர் சட்டைப்பைகளிலும் மெத்தைக்கடியிலும் முழுங்காத மாத்திரைகள் கிடைத்ததைக் கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொன்னாய். கேட்டுவிட்டு மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை. துணி விசாரித்தது என் கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்காக.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க மாத்தி வெச்சத அலமாரிக் கண்ணாடில பாத்தேன்" என்றாள். பார்த்துமா குடித்தாய் என்றேன்.

"குடிக்காதன்னு சொல்லுவீங்கன்னு கடைசி வாய் வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்" என்றாள்.

அவள் அழவில்லை. கோபமும் இல்லை. நோட்டில் எண் எழுதுகிற அதே முகம். நான்தான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரம் அழவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க. உங்கள அனுப்பிடுவாங்க. அப்புறம் இன்னொருத்தர மொதல்லேந்து பழக்கணும்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அந்த வாக்கையும் இப்போது மீறுகிறேன். உன் மகள் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறாள், இனி ஆயுசுக்கும் அதைச் சுமக்கவிடக்கூடாது என்றுதான்.

இப்போது தினமும் காலையில் அவள் எதிரே நின்று மாத்திரையை விழுங்குகிறேன். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறாள். டார்ச் அடித்துப் பார்க்கிறாள். இன்னும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எழுதப்போவதில்லை, எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை. நீ என்ன முடிவெடுத்தாலும் தலைகுனிந்து ஏற்றுக்கொள்வேன். போனில் மட்டும் சொல்லாதே, அவள் பக்கத்திலேயே நிற்பாள். கடிதமாக எழுது. நீ வந்து இறங்கும் நாளில் அவள் துறைமுகத்துக்கு வருவாள், அதற்கு இப்போதே சட்டை எடுத்துவைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக் கூட்டிவருவது நானா, வேறு யாராவதா, அதை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடு.

கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்கக் கூசும்
உன் கணவன்