மூன்றாவது குழாயின் மேல்முனை

என் மண்புழுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம். உன் உடம்பும் மனசும் சரியாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதி மெயிலில் அனுப்புகிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் படியைத் திட்டுகிறார். மேல்வீட்டுத் தண்ணீர் இன்னும் நம் குளியலறைச் சுவரில் கசிகிறது, கேட்டால் எங்கள் தண்ணீரே இல்லை என்கிறார்கள். நீ அடுத்த வாரம் மாநாட்டில் பேசப்போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அத்தைக்குக் கால் தரையில் படவில்லை. மனுஷன் பூமியைக் கெடுக்க ஆரம்பித்த வருஷத்தை என் தம்பி பெண் கண்டுபிடித்துவிட்டாள் என்று எல்லோருக்கும் போன் போடுகிறாள். மாமா உடனே, அது நம் கல்யாண வருஷமாகத்தான் இருக்கும் என்றாராம், அதிலிருந்து அவருக்குக் காபி கிடையாதாம்.

சிரித்துக்கொள், இனி சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. ஏரியடியிலிருந்து ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நீ எடுத்த மூன்று சேற்றுக் குழாய்களை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதியை நீ கொண்டுபோனாய், மறுபாதி எங்கள் ஆய்வகத்துக் குளிர் அறையில் இருந்ததல்லவா, அதைச் சென்ற வாரம்தான் பிரித்தேன். கண்காட்சிக்குப் படம் வேண்டும் என்று எங்கள் தலைவர் கேட்டார், உன் வேலையைச் சோதிக்கவில்லை. முதல் இரண்டு குழாய்களை விளக்கடியில் வைத்தபோது பெருமையாக இருந்தது. மூன்றாவதை வைத்ததும் ஏதோ உறுத்தியது. மகளுடைய வேலை என்பதால்தான் கண் குறை தேடுகிறதோ என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளமும் ஒரு படிவை விட்டுவிட்டுப் போகும். இதை அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு டம்ளர் தண்ணீரில் மண்ணைக் கலக்கி வைத்தேன், கனமான மணல் முதலில் அடியில் உட்கார்ந்தது, மாவு போன்ற வண்டல் அதன்மேல் மெதுவாகப் படிந்தது. ஏரியும் அப்படித்தான். ஆனால் மூன்றாவது குழாயில் உன் அம்புக்குறியை நம்பிப் பார்த்தால் மாவு அடியிலும் மணல் மேலேயும் இருக்கிறது. ஒரு படிவில் என்றால் ஏதோ குழப்பம் எனலாம், எல்லாப் படிவிலும் அப்படியே. கண்ணு, அந்தக் குழாய் தலைகீழாக இருக்கிறது.

படகில் சிவப்பு மூடி தீர்ந்துபோய் இரு முனைக்கும் கறுப்பு மூடியே போட்டதாகவும், காற்று பலமாக இருந்ததால் கரைக்கு வந்த பிறகுதான் அம்புக்குறி போட்டதாகவும் அன்று நீயே சொன்னாய். மேலுக்குச் சிவப்பு, கீழுக்குக் கறுப்பு என்று பழகிய கை, நிறம் இல்லாதபோது தடுமாறிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் உன் கட்டுரையே அந்தக் குழாயின்மேல்தான் நிற்கிறது. ஆலைகளில் நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தால் மட்டுமே உண்டாகும் கரி உருண்டைகள், உன் அம்புக்குறிப்படி, அதன் அடிமுனையில் கிடக்கின்றன. அதை வைத்துத்தான், மனுஷன் பூமியையே மாற்றிய காலமான மனித ஊழி இந்த ஏரியில் இரண்டு தலைமுறை முன்னதாகவே தொடங்கி, நடுவில் ஓய்ந்து, மறுபடி தொடங்கியது என்று எழுதியிருக்கிறாய். குழாயைத் திருப்பி வைத்துப் பார், அந்த முனை மேலே வந்து இரண்டாவது குழாயின் கரியோடு சேர்ந்துவிடும். முன்னதாகவும் தொடங்கவில்லை, நடுவில் ஓயவும் இல்லை, மற்ற ஏரிகள் சொல்வதைத்தான் இதுவும் சொல்கிறது. அந்தக் கண்டுபிடிப்பை நம்பி உனக்குத் தருவதாகச் சொன்ன வேலை என்ன ஆகுமோ தெரியவில்லை.

பார்த்ததும் உறைபோட்டு மூடி அதே அலமாரியில் வைத்துவிட்டேன். யார் திறக்கப்போகிறார்கள் என்று மனசுக்குள் ஒரு குரல், பெற்றவளே மகளின் காலை வாரலாமா என்று இன்னொரு குரல். இரண்டும் ஒரே பக்கமே பேசின, அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தலைவர் படம் எங்கே என்றார், விளக்கு சரியில்லை என்றேன். பக்கத்து மேசையில் எப்போதும் நுண்ணோக்கியில் குனிந்தே இருக்கும் எங்கள் கொக்கு, விளக்கு நன்றாகத்தான் எரிகிறது, உங்கள் முகத்தில்தான் ஃபியூஸ் போயிருக்கிறது என்றார். அப்பா எடுத்த எடுப்பில் உன் கட்சி. சின்ன வயசிலேயே மண்ணைத் தின்றவள் மண்ணைக் கவ்வ மாட்டாள், நீதான் தப்பாகப் பார்த்திருப்பாய் என்றார். டம்ளரைப் பார்த்த பிறகு, வெளியாள் யாராவது கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். என் பயமும் அதுதான். பூமிக்கு நாம் எதுவுமே செய்யவில்லை என்று சாதிக்கக் காத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு குழாய் போதும், நேராக இருப்பவற்றையும் சேர்த்துக் குப்பையில் போடுவார்கள். மேலிரண்டில் இருக்கிற கரியும் பிளாஸ்டிக் துகளும் செத்த நத்தைகளும் நிஜம். அவற்றுக்குச் சாட்சி சொல்ல நீ வேண்டும், அதற்கு உன் பேச்சை நாலு பேர் நம்ப வேண்டும்.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை காலை தலைவரிடம் சொல்வேன். அதற்குள் உன்னிடம் இருக்கும் பாதியை எடுத்து மணலைப் பார், நான் சொன்னேன் என்று நம்பாதே. நான்தான் தப்பு என்றால் உன் காலில் விழக்கூடத் தயார், சந்தோஷமாக விழுவேன். நான் சொல்வது சரி என்றால் அன்றே உன் வழிகாட்டியிடம் நீயே போய்ச் சொல். நீ முந்திக்கொண்டால் அது ஆராய்ச்சியில் நடக்கிற திருத்தம், நான் முந்தினால் அம்மா சொல்லி மாட்டிக்கொண்டவள் என்று பேராகிவிடும். திங்கட்கிழமையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்காதே. நீ கேட்டால் நான் தள்ளிப்போட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் உனக்கு என்றும் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு உன் வழிகாட்டியின் அறைக்குப் போகாதே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. அழுகை வந்தால் வரட்டும், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு அழு. திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் போனை எடுப்பேன்.

உன் அம்மா