உனக்குப் பிடித்த சத்தம்

அம்மா,

இன்று வெயில் அடித்தது. குன்னூரில் இந்த மாதம் வெயிலைக் கண்டால் விடக்கூடாது என்பதால், டிரங்குப் பெட்டியிலிருந்த கம்பளித் துணிகளையெல்லாம் எடுத்து மாடியில் காயப்போட்டேன். அடியில் உன் பழுப்பு ஸ்வெட்டர் இருந்தது. நீ போனபிறகு துவைத்துத்தான் வைத்தேன். ஆனாலும் முகத்தருகே கொண்டுபோனதும் தேயிலைத் தூளின் வாசனை வந்தது. எஸ்டேட் பேக்டரியில் அத்தனை வருஷம் தூள் சலித்தவளின் ஸ்வெட்டர் அல்லவா? அதைப் போட்டுக்கொண்டுதான் நீ என்னோடு ஊட்டிக்குக் கச்சேரி பார்க்க வந்தாய்.

கச்சேரி செய்த அந்தப் பாட்டுக் குழுவை உனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. முட்டிவலியால் வேலையை விட்டுவிட்டு நீ வீட்டோடு இருந்த காலம் அது. நான் மருந்துக்கடை வேலை முடிந்து திரும்பும்போது விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருப்பாய். வெளியே வா என்றால் வரமாட்டாய். என்னம்மா என்று கேட்டால், "வீடு ரொம்ப அமைதியா இருக்குடி. பயமா இருக்கு" என்பாய். பேக்டரியில் இலை சுருட்டும் ரோலரும் காயவைக்கும் டிரையரும் ஓடுகிற இரைச்சலுக்குள்ளேயே வாழ்ந்த உனக்கு அமைதி ஒரு நோய்போல வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே போனில் அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளைகளின் பாட்டை வைத்தேன். சினிமாவில் பாடாதவர்கள். தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, தாங்களே வெளியிடுகிறவர்கள். டிரம்ஸும் கிதாரும் காதைப் பிளக்கும். நீ அடுப்படியிலிருந்து வந்து நின்றாய். அணைக்கச் சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் கூட்டி வை" என்றாய்.

அதன்பின் உனக்கென்று பாட்டுகள் வந்தன. அவற்றுக்கு நீயே பெயர் வைத்தாய். ரோலர் பாட்டு, பஸ் பாட்டு, அந்த அழுவுற பாட்டு. மீன் கழுவும்போது கட்டாயம் ரோலர் பாட்டு வேண்டும்.

அவர்கள் ஊட்டிக்கு வருகிறார்கள் என்று நான் சொன்னபோது, "நின்னுக்கிட்டேதானே பாக்கணும்? என் முட்டி தாங்காதே" என்றாய்.

"இல்லம்மா. அந்த வெள்ளைக்காரன் காலத்துப் பழைய ஹால்ல நடக்குது. எல்லாருக்கும் சேர் உண்டு."

கடைசி பஸ்ஸை நினைத்து மதியமே கச்சேரியை வைத்திருந்தார்கள். வாசல்வரை வந்துவிட்டு நீ நின்றுவிட்டாய். ஊட்டிக்கு வரும்போதெல்லாம் ரோட்டிலிருந்து பார்த்த கட்டடம். ஒருநாளும் உள்ளே போனதில்லை.

"நம்மளையெல்லாம் விடுவாங்களா?"

டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த பெண் அதைக் கேட்டுவிட்டாள். உன் முழங்கையைப் பிடித்து, "படி இருக்குதுங்கம்மா, பாத்து வாங்க" என்று தானே உள்ளே கூட்டிப்போனாள். சுற்றிலும் கறுப்புச் சட்டை போட்ட கல்லூரிப் பிள்ளைகள். நீ சிவப்பு மெத்தை இருக்கையை முந்தானையால் ஒருமுறை தட்டிவிட்டு உட்கார்ந்தாய்.

பாதிக் கச்சேரியில் மழை பிடித்தது. நம் மழைதான், உனக்குத் தெரியாததா? தகரக் கூரைமேல் கொட்டிய கொட்டில் மைக்கில் பாடியதுகூடக் கேட்கவில்லை. பாடிக்கொண்டிருந்த பையன் நிறுத்திவிட்டான். மேலே கையைக் காட்டிச் சிரித்தான். கிதார்கள் ஓய்ந்தன. ஹால் முழுக்க மழையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

டிரம்ஸ் வாசித்த பெண் தலையைச் சாய்த்துக் கூரையையே கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, குச்சிகளால் விளிம்பில் தட்ட ஆரம்பித்தாள். மழை வலுத்தது. அவளும் வலுத்தாள். காற்று மழையை ஒருபக்கமாக அடித்தபோது அவள் கையும் அந்தப் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் எது கூரை, எது டிரம்ஸ் என்று பிரிக்க முடியவில்லை. அதுவரை கத்திக் கூச்சல் போட்ட பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள்.

நீ என் கையை எடுத்து இருக்கையின் மரக்கைப்பிடிமேல் வைத்து அழுத்தினாய். மரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"பேக்டரி ஓடுதுடி" என்றாய்.

திரும்பி உன் முகத்தைப் பார்த்தேன். மேடை வெளிச்சத்தில் வாய் லேசாகத் திறந்திருக்க, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். என் அம்மா என்பதற்கு முன்னால் நீ யாராக இருந்தாயோ, அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு நான் மேடையைப் பார்த்ததைவிட உன்னைப் பார்த்ததுதான் அதிகம்.

முடிந்தபின் மழை விடட்டும் என்று வராந்தாவில் நின்றோம். பாடின பையன் அந்தப் பக்கம் வந்தவன் உன்னைக் கண்டு தயங்கினான்.

"ஏனுங்கம்மா, சத்தம் ரொம்ப அதிகமாப் போயிடுச்சுங்களா?"

நீ அவனை ஏற இறங்கப் பார்த்தாய். "பத்தலப்பா" என்றாய்.

அவன் சிரித்த சிரிப்பில் மற்றவர்களும் ஓடிவந்தார்கள். டிரம்ஸ் பெண்ணின் கைகளைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாய். விரலடியெல்லாம் காய்ப்பு. "வேலை செய்யுற கை" என்று சொல்லி, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். அவள் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் தூக்கத்திலேயே நீ போய்விட்டாய். துக்கத்துக்கு வந்தவர்கள் உன்னைப் பொறுமைசாலி என்றார்கள், அதிர்ந்து பேசமாட்டாள் என்றார்கள். எல்லாம் உண்மைதான். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் ரோலர் பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது மருந்துக்கடைக்கு உன் வயதுப் பெண்கள் வந்தால், சீட்டில் உள்ள மாத்திரைகளை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால், உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்கிறேன். முதலில் சிரிப்பார்கள். எனக்கென்ன பாட்டு வேண்டிக்கிடக்கு என்பார்கள். நான் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பேன். பிறகு சொல்வார்கள்.