மழைக்கு ஏத்த டயர்

செப். 26, வெள்ளி

காலையிலயே தூறல். திண்டிவனம் ட்ரெயின் லேட். லேபுல ரத்தம் டெஸ்ட் பண்ண ஒரே கூட்டம், ஊர் பூரா காய்ச்சல்.

மத்தியானம் சாப்பிடாம சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் முண்டு முண்டா இருக்கற பட்டன் டயரையே தலையில கட்டப் பாக்குறார். அது மண் ரோட்டுக்கு. தார் ரோட்டு ஈரத்துக்கு ரப்பர் மெத்துனு இருக்கணும், கொஞ்சம் அகலம் வேணும், காத்து கம்மியா அடிக்கணும். திரும்பத் திரும்ப சொன்னேன். ரேஸ் சைக்கிளுக்கு காத்து கல்லு மாதிரி இருக்கணும்மான்றார். பேஜாரு.

28 எம்எம் அகலம் போட்டா பிரேக்குல உரசுமா? ஸ்டெல்லாக்காவைக் கேக்கணும்.

செப். 28, ஞாயிறு

மேகம், மழை இல்ல. 28 உரசல. நேத்து வாங்கினேன், இன்னைக்கு ஸ்டெல்லாக்கா வந்து மாட்டிக் குடுத்தாங்க. லேபுலயும் கூட, சைக்கிள்லயும் கூட வர்ற ஒரே ஆள்.

வீட்டுக்காரர் வந்து தடவிப் பாத்தார். வழவழன்னு இருக்கே, வழுக்காதான்னார். விளக்கி சொன்னேன். பாதியில போன் எடுத்துக்கினு போயிட்டார்.

ஒரு வாட்டி விழுந்தாலும் சைக்கிளை வித்துடணும். பைபாஸ் லாரிங்களுக்கு பயந்து இவர் போட்ட கண்டிஷன். நானும் அம்மா முன்னாடி தலையாட்டிட்டேன். சைக்கிள் என் சம்பளத்துல வாங்கினது, கண்டிஷன் மட்டும் அவருது. அதுக்குத்தான் இந்த டயர் ஆராய்ச்சி எல்லாம். வாரத்துல ஒரு காலையில, விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் வரைக்கும், காபி எங்க, துண்டு எங்கன்னு யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க. அது போயிடக் கூடாது.

அக். 1, புதன். ஆயுத பூஜை

விடிஞ்சதுலேர்ந்து இவர் வண்டி கழுவல். கார், ஸ்கூட்டி, என் சைக்கிளும். நான் அடுப்படியில சுண்டலோட மல்லுக்கட்டிக்கினு இருந்தேன், எட்டிக்கூட பாக்கல. பூஜைக்கு வந்தா சைக்கிளுக்கு சந்தனம், குங்குமம், ஹேண்டில்ல மாலை, டயருக்கு கீழ எலுமிச்சம்பழம். கேக்காமலே செஞ்சிருக்கார். கண்ணு கலங்கிடுச்சு, சத்தியமா.

பொரி மிச்சம் நிறைய. பக்கத்து வீட்டுக்கு குடுக்கணும். நாளைக்கு லீவு, ரைடு.

அக். 2, வியாழன்

விழுந்துட்டேன். கை எரியுது, எழுத்து கோணல்.

விக்கிரவாண்டி வரைக்கும் ஜோரா போச்சு. நச நசன்னு தூறல். நேரா போற வரைக்கும் ஒண்ணுமில்ல. சர்வீஸ் ரோட்டுக்கு வளைஞ்சேன், சைக்கிள் சாஞ்சதும் சர்ர்ருனு இழுத்துக்கினு போச்சு. முழங்கை, இடுப்பு. எலும்பு தப்பிச்சுது.

கூட வந்த ஸ்டெல்லாக்கா டயரைத் தொட்டாங்க. நடுவுல ரோட்டுல தேய்ஞ்சு ஒண்ணுமில்ல, ஓரத்துல பிசுபிசுன்னு எண்ணெய். மோந்து பாத்தேன். கார் டயருக்கு இவர் அடிக்கிற பாலிஷ்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். எல்லா வண்டிக்கும் அடிச்சிட்டு இதை மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்னார். ஆசையாத்தான் அடிச்சிருக்கார், எனக்குத் தெரியாதா. பாலிஷாலதான் விழுந்தேன்னு ஒத்துக்குங்க, அது போதும்னேன்.

"பாலிஷாவது ஒண்ணாவது. விழுந்தியா இல்லியா? அவ்ளோதான்."

அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மாவும் அவர் பக்கம். மாப்பிள்ளை உன் நல்லதுக்குத்தானே சொல்றார்னு ஆரம்பிச்சாங்க, வெச்சிட்டேன்.

அக். 4, சனி

மருந்து, பஞ்சு, அரைக் கிலோ ரவை.

பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு ரெண்டு டயரையும் தேய்ச்சேன். எரிச்சலோட தேய்ச்சேன். வாங்குறது யாரோ, அவங்களாவது விழாம இருக்கட்டும்.

இவர் அதுக்குள்ள போட்டோ எடுத்து விக்கறதுக்கு நெட்டுல போட்டாச்சு. சிங்க் குழாயை சரி பண்ண வராத மனுஷன் இதுக்கு மட்டும் என்னா ஜல்தி. "மழைக்கு ஏத்த புது டயர்." நான் சொன்னப்ப காதுல விழுந்திருக்கு போல.

அக். 5, ஞாயிறு

நல்ல வெயில். ஸ்டெல்லாக்கா தனியா போனாங்களாம்.

வானூர்லேர்ந்து அப்பாவும் பொண்ணும் வந்தாங்க. பொண்ணு காலேஜ். மழையில ஓட்டலாமான்னு டயரைக் காட்டிக் கேட்டுச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவர் குத்துக்கால் போட்டு உக்காந்துட்டார். ரப்பர் மெத்துனு இருக்கு பாரு, அகலம் பாரு, காத்து மட்டும் கம்மியா அடின்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சார். அந்த அப்பாவுக்கு ஒரே திருப்தி.

நான் காபி டம்ளரோட வாசப்படியில நின்னுக்கினு இருந்தேன்.

"இன்னொண்ணு ஞாபகம் வெச்சுக்கம்மா," ன்னார் இவர். "ஆயுத பூஜைக்கு டயருக்கு பாலிஷ் கீலிஷ் அடிச்சிடாத. ஈரத்துல ஆளை வாரி வுட்டுடும்."